கீறல் என்று நான் சொன்ன கோடுகள்

வானேறிப் பார்த்தாலும் வளையாத நடுநிலை கொண்ட அவைத்தலைவர் கனகரத்தினம் ஐயா அவர்களே! நல்லூர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து மண்டபம் நிறைத்த ஆசிரியப் பெருமக்களே! அவர்களைப் பெற்றுத் தந்த அன்னையரே! குருநகர்க் கரையில் இன்றைய மீன்பிடித் தொழிலை விட்டுவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இன்னாசித்தம்பி ஐயா அவர்களே! தலை தாழ்ந்த வணக்கம். தலை ஏன் தாழ்ந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

வானிலிருந்து செய்மதி எடுக்கும் படங்களைக் கொண்டு புவியியல் கற்பிக்க நாற்பது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். கொடுத்தவன் நான், முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன்! முதல்நாள் யாழ்ப்பாணக் கடனீரேரியின் படத்தைத் திரையில் விரித்தேன். நீலத்தின் நடுவே அம்பு அம்பாய்க் கோடுகள். அவை என்ன? எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னேனா? சொல்லவில்லை! "படத்தில் விழுந்த கீறல், கவனிக்கத் தேவையில்லை" என்று முழங்கினேன். முப்பத்தொன்பது பேனாக்கள் அதைப் பணிவோடு எழுதின. சிரிக்கிறீர்களா? சிரிப்பவர்களில் பாதிப்பேர் அன்று எழுதியவர்கள்தான்!

எழுதாத ஒருவர் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். ஜெனிற்றா ரீச்சர், இன்னாசித்தம்பி ஐயாவின் மகள். கரையோரப் பள்ளிக்கூடத்தில் அவருடைய உயர்தரப் புவியியல் வகுப்புக்கு ஆறே பிள்ளைகள். "ஆறு பேருக்கு ஒரு வகுப்போ ரீச்சர்? புதுப் பிள்ளையள் சேராட்டி மூடுவம்" என்று அதிபர் சொல்லிவிட்டார். அந்தக் கவலையோடு வந்தவர்தான் எழுந்து நின்றார்.

"சேர், குறை நினையாதேங்கோ. உது கீறல் இல்லை. எங்கடை சிறகுவலை. மீன் பிடிக்கத் தடி நட்டுக் கட்டினது. மூண்டாவதா நிக்கிறது அப்பான்ரை."

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"கூர்ப்பக்கம் ஆழத்தைப் பாத்துத்தான் நிக்கும் சேர். அதை வைச்சே எங்கை ஆழம், எங்கை மேடு எண்டு சொல்லலாம்."

அடேயப்பா! என்ன கண்! என்ன கணிப்பு! வானம் எடுத்த படத்துக்குக் கடல் அல்லவா விளக்கம் சொன்னது!

ஜெனிற்றா அந்தப் படத்தை வீட்டில் தந்தைக்கும் காட்டினார். ஐயா கேட்டாராம்: "வலை எங்கடைதான். பிள்ளை, ஆர் மேலை நிண்டு எடுத்தது? எங்களிட்டைக் கேட்டவையோ?" ஐயா தலையாட்டுகிறார், இன்னும் பதில் கிடைக்கவில்லை போலும்!

பிறகு படம் வகுப்புக்குப் போனது. "ரீச்சர், எங்கடை அப்பான்ரையும் நிக்குது!" என்று யசிந்தா என்ற பிள்ளை கத்தினாள். பக்கத்து வகுப்பு வந்து யன்னலில் தொங்கியது. புதிய ஆண்டில் ஆறு பத்தொன்பதானது. வகுப்பை மூட நினைத்த அதிபர், பிள்ளைகள் இருக்கக் கதிரை தேடி ஓடினார்!

ஆனால் சபையோரே, ஒன்று என்னைக் குத்துகிறது. கரையோரப் பிள்ளை ஒன்று தன் விடைத்தாளில் 'இது சிறகுவலை' என்று எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சிவப்புப் பேனாவால் பிழை போட்டிருப்பேன். முப்பது ஆண்டுகளில் எத்தனை சரிகளுக்குப் பிழை போட்டேனோ! அந்தப் பிள்ளைகளிடம் இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜெனிற்றாவுக்குச் சான்றிதழ் வழங்குவது நான் என்று நிகழ்ச்சிநிரல் சொல்கிறது. தலைவர் பொறுத்தருள வேண்டும். அதை இன்னாசித்தம்பி ஐயா வழங்கட்டும். அடுத்த பயிற்சியை ஜெனிற்றா நடத்துவார். அவர் இருந்த அதே கடைசி வாங்கில் நான் கொப்பியும் பேனாவுமாய் இருப்பேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இறங்குமுன், வகுப்புப் பிள்ளைகளைப்போல நிமிர்ந்து நின்று, கைகூப்பிச் சொல்கிறேன்:

வணக்கம், ரீச்சர்!