தங்கச்சிக்குப் போன நோட்டீஸ்

கோவை கோர்ட்டுக்கு எதிரே பேக்கரியில் டீக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கறுப்புக் கோட்டில் இரண்டு வக்கீல்கள்.

"என்ற தங்கச்சிக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிச்சுப்போட்டேன் தம்பி" என்றார் நரைத்தவர்.

ஒட்டுக்கேட்பது தப்பு என்பதால் நான் அரையடி மட்டுமே நெருங்கினேன்.

"அதெப்படீங்கண்ணா?" என்றார் இளையவர்.

"ஆபீஸ் பெருசாயிருச்சு. ஆறு ஜூனியருங்க. கட்டுக்கட்டாக் கொண்டாந்து வெப்பாங்க, படிக்காமயே கையெழுத்துப் போடுவேன். தங்கச்சியோட பக்கத்துத் தோட்டத்துக்காரன், அவ தோட்டத்து வழியா வண்டித்தடம் வேணும்னு நம்ம ஆபீசுக்கே வந்திருக்கான்."

"அவங்க பேரைக்கூடப் பாக்கலீங்களா?"

"கடைசிப் பக்கம் மட்டுந்தான் பாப்பேன். அதுல எம்பேருதான இருக்கும்."

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"கோவிச்சிருந்தாத் தேவலையே. காய்க்கிற தென்னை நாலை வெட்டித் தடம் உட்டுப்போட்டா. அவ ஊரு தாராபுரத்துக்கு ஓடிப்போயி, 'ஏன் அம்மணி இப்படிப் பண்ணுனே'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

டீ வந்துவிட்டது. அவர் எடுக்கவில்லை.

"'நீங்க கேட்டு நான் இல்லீன்னு சொல்லுவனுங்களாண்ணா'ங்கறா."