இரண்டாவது விசில்

கிட்டத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் குளிர்ந்தால் என் சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்... கதை முடியும்வரை யாரும் விசிலடிக்கக் கூடாது.

என் கூட்டாளி பிச்சையம்மாளின் நாத்தனார் சொர்ணத்துக்கு நடந்தது இது.

ராத்திரி பத்து மணி. அடைமழை. திருக்கோகர்ணம் தாண்டி, கடைசி பஸ் இறக்கிவிட்டுப் போன ரோட்டில் ஒரு விளக்கு இல்லை. பேரனின் காய்ச்சல் மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்தாள் சொர்ணம். மகள் இலக்கியா பெற்ற பிள்ளை. தீட்டுக்கூடக் கழியவில்லை.

தூரத்தில் வீடு தெரிந்தது. தரையில் இல்லை... இடுப்பளவு உயரத்தில், ஜாக்கிகளின் மேல்.

ரோட்டைப் போட்டுப் போட்டு உயர்த்தியதில் வீடு பள்ளமாகி, மழைக்கு மழை தண்ணீர் உள்ளே வந்தது. அதனால்தான் வீட்டையே தூக்க ஆள் பிடித்திருந்தாள். மேஸ்திரி ரகுநாத் ஒரு விசில் ஊதினால் சுற்றி நிற்பவர்கள் ஒன்றாக ஜாக்கியைத் திருகி ஏற்றுவார்கள். இரண்டு ஊதினால் இறக்குவார்கள். "உள்ளேயே இருந்துக்கலாம்க்கா, டம்ளர் தண்ணி தளும்பாது" என்றிருந்தார். அன்று பார்த்து, சாப்பிடப் போன ஆட்கள் டவுனில் மழையில் மாட்டிக்கொண்டார்கள்.

சொர்ணம் வாசலில் கால் வைத்தாள்... மடார்.

அடுப்படி மூலை சரிந்தது. நனைந்த மண் அங்கிருந்த ஜாக்கியை விழுங்கிக்கொண்டிருந்தது. நிலை கோணிக் கதவு இறுகிப்போயிற்று. இவள் தள்ள, உள்ளேயிருந்து இலக்கியா இழுக்க... ம்ஹும். ஜன்னலெல்லாம் கம்பி. பாத்திரங்கள் மூலையைப் பார்த்து உருளும் சத்தம்.

"யம்மா... செவுரு தூளிகிட்ட வருதும்மா!"

வெளிச்சுவர் ஆணியில் மேஸ்திரியின் விசில் தொங்கியது. யார் காதிலாவது விழட்டும் என்று, மூச்சைக் கட்டி ஒரே ஒரு ஊது ஊதினாள்.

ரோட்டில் யாரும் வரவில்லை.

வீட்டுக்கடியில்... கிர்ர்ர்... கிர்ர்ர்... கிரீஸ் வாடை. கூடவே, பாரம் சுமப்பவனின் மூச்சிரைப்பு.

மூலை மெல்ல ஏறியது.

"யாருப்பா அங்கிட்டு?"

சேற்றில் மண்டியிட்டு இருட்டைக் கும்பிட்டாள் சொர்ணம்.

"விட்றாதப்பா. பச்சப்புள்ள உள்ள கெடக்கு. நாஞ் சொல்ற வரைக்கும் விட்றாத!"

கதவு இளகியது. பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே விழுந்தாள் இலக்கியா.

விடிந்து ஆட்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். அந்த மூலை ஜாக்கி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. மேலே வீடு நிற்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. சேற்றில் இரண்டு பாதத் தடங்கள் மட்டும்... குதிகால் ஆழமாக அழுந்தி.

"அது நிலவழகன் மூலைக்கா. எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்படி மூலைக்கு அவந்தான் நிப்பான்" என்றார் ரகுநாத்.

"கூப்பிடுங்க தம்பி, அந்தப் புள்ளையக் கும்பிடணும்."

"போன வீட்டுலயே செவுரு விழுந்து செத்துட்டான்க்கா."

சரி பார்க்க வீட்டை இறக்கலாம் என்று அவர் விசிலை வாயருகே கொண்டுபோனார். சொர்ணம் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கடியில் சுற்றிலும் புதுச் சுவர் எழும்பியது. அந்த மூலையில் மட்டும், வைத்த செங்கல் விடிந்தால் வெளியே கிடந்தது. நிற்க இடம் வேண்டுமே அவனுக்கு... பொந்தாகவே விட்டுவிட்டார்கள். மழை ராத்திரிகளில் அதற்குள்ளிருந்து மூச்சிரைப்பு கேட்கும். "போதும்ப்பா, விட்டுட்டுப் போ" என்று சொல்லச் சொர்ணத்துக்கு நாக்கு வரை வரும். சொன்னால் வீடு? போக வேறு இடம்? விழுங்கிக்கொள்வாள். அந்த வீட்டில் குக்கர்கூடக் கிடையாது. சோறு பானையில்தான்.

பிள்ளை வளர்ந்துவிட்டான். இந்த லீவுக்கு வந்தவன், பல் விழுந்த வாயைக் குவித்து விசிலடிக்கப் பழகியிருந்தான். நேற்று ராத்திரி, மழை பெய்கையில், அடுப்படியில் நின்று... ஒன்று அடித்தான்.

தரைக்கடியில் மூச்சிரைப்பு சட்டென்று நின்றது... இரண்டாவது விசிலுக்குக் காத்திருப்பதுபோல.

இன்னொன்றுக்கு அவன் வாயைக் குவிக்கும் முன் சொர்ணம் பொத்திவிட்டாள். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

பாதத் தடங்கள் இருந்தன.

பக்கத்தில் புதிதாக... ஒரு முழங்கால் பதிந்திருந்தது.