உள்ளே வந்த நேரம்

அக்கா: இதையா வாசிக்கப்போற? அதுவும் அப்பா படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு?

தம்பி: ஏன், எழுத்துப்பிழை இருக்கா?

அக்கா: கொழுப்பா? "பெத்த பிள்ளையை வாசலோட துரத்தினவர்"னு எழுதியிருக்கடா! நாலு மணிக்கு அஞ்சலிக்கு அவரோட பட்டாளத்து ஆளுங்க எல்லாம் வரப்போறாங்க...

தம்பி: வரட்டுமே. அஞ்சு பேர் "தங்கமான மனுஷன்"ம்பாங்க. ஆறாவதா நான் உண்மையைச் சொல்லிட்டுப் போறேன்.

அக்கா: தங்கம் இல்லையா அவர்? அம்மா போனப்புறம் உனக்கு யாருடா தலை வாரிவிட்டா?

தம்பி: வாரினார். வகிடு கோணினா திரும்ப முதல்லேர்ந்து.

அக்கா: தன்னோடதைத் தொடறதுக்கு முன்னாடி நம்ம ஷூவுக்குத்தான் பாலிஷ் போடுவார்.

தம்பி: அதுக்காக வீட்டு வாசல்ல ரிஜிஸ்டர் வைப்பாங்களாக்கா? இருபது வருஷம் முகாம் கேட்டுல காவல் நின்னவர், ரிட்டயராகி வந்து வீட்டையும் முகாமாக்கிட்டார். பேர், வெளியே போன நேரம், காரணம், உள்ளே வந்த நேரம். பால் வாங்கப் போனாக்கூடக் கையெழுத்து!

அக்கா: உன் கூட்டாளி குண்டு ஒருநாள் வந்தானே... காரணம்ங்கிற இடத்துல...

தம்பி: "பசி"ன்னு எழுதினான்! அப்பா அதைப் படிச்சுட்டு, முகத்துல சிரிப்பே இல்லாம, ரெண்டு முட்டை பொரிச்சு வெச்சார்.

அக்கா: பாத்தியா, சிரிக்கிற.

தம்பி: சிரிச்சா சரியாயிடுமா? எனக்குப் பத்தொன்பது வயசு. நாளைக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்க, போய் நில்லுன்னார். மாட்டேன்னேன். "காவல் நிக்கப் பயப்படறவன் எனக்குப் பிள்ளையே இல்ல"ன்னார். விடியறதுக்குள்ள கிளம்பிட்டேன்.

அக்கா: ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு.

தம்பி: பழக்கதோஷம்...

அக்கா: கோவிச்சுக்கிட்டு ஓடறவன் நேரம் எழுதிட்டு ஓடினது நம்ம வீட்டுலதான். வருஷா வருஷம் புது நோட்டு போடுவார்டா. முதல் வரியில உன் பேர். "இன்னும் திரும்பவில்லை." பன்னிரண்டு வருஷம்! வாதத்துல வலது பக்கம் விழுந்து, பேச்சும் போனப்புறம்கூட இடது கையால...

தம்பி: இரு இரு. பேச்சு எப்ப போச்சு?

அக்கா: அது... அஞ்சு வருஷமாச்சு.

தம்பி: நான் கேட்டுக்கு வெளியே வந்து நின்னது மூணு வருஷம் முன்னாடி.

அக்கா: இப்ப எதுக்குடா அது?

தம்பி: நீ உள்ள போயிட்டு வந்து சொன்ன. "உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்றார், போயிடு"ன்னு. பேச்சே இல்லாதவர் எப்படிக்கா சொன்னார்?

அக்கா: அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுடா.

தம்பி: பதில் சொல்லு.

அக்கா: நான் அவர்கிட்ட கேக்கவே இல்ல. சமையலறை வரைக்கும் போனேன். ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன். திரும்பி வந்தேன்.

தம்பி: அடிப்பாவி!

அக்கா: திட்டு, நல்லாத் திட்டு. தூக்கி உக்கார வைக்கிறது நான், ஊட்டறது நான், துணி மாத்தறது நான். அவர் கண்ணைத் திறந்ததும் நோட்டுல "உள்ளே வந்த நேரம்"ங்கிற காலிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டுவார், நீ வந்தியான்னு. வயிறு எரிஞ்சுதுடா எனக்கு! நீ வந்து ஒரு நிமிஷம் நின்னாப் போதும், நான் செஞ்சதெல்லாம் ஆத்துல கரைச்ச புளி.

தம்பி: கடைசிவரைக்கும் தெரியாமயே போயிட்டாரா, நான் வந்தது...

அக்கா: அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நேத்து அவர் மெத்தையைத் தூக்கினப்ப அந்த வருஷத்து நோட்டு அடியில கிடந்துது. இந்தா, நீயே படி. நான் உக்கார வெச்ச ஜன்னலோரத்துலேர்ந்தே பார்த்திருக்கார்.

தம்பி: என்ன எழுத்து இது, கோணல்மாணலா... "மகன் வந்தான், பத்து இருபது. மகள் திருப்பி அனுப்பினாள், பத்து இருபத்தைந்து. அவளை ஒன்றும் கேட்கக் கூடாது. களைத்திருக்கிறாள்."

அக்கா: அதுக்கப்புறம் மூணு வருஷம் என் கையாலதான்டா சாப்பிட்டார். ஒரு நாள்கூட முகத்தைத் திருப்பிக்கல. நாலு மணிக்கு நீ வாசிக்கிறதுன்னா என்னைச் சொல்லி வாசி. அவரைச் சொல்லாதே.

தம்பி: கீழே இன்னொரு வரி இருக்கே... "தெருவோரம் நிற்கிறான். கூப்பிடுவான். பத்து நாற்பது வரை பார்த்தேன்."

அக்கா: ஆமா. ராத்திரி பூரா அந்த வரியைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. பத்தடி தூரம். நான் பாவி, பொய் சொன்னேன். நீ "அப்பா"ன்னு ஒரு குரல் கொடுத்திருக்கலாமேடா... ஏன் கொடுக்கல?

தம்பி: ...நீ போயிடுன்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுக்கா.