மலையைத் தாண்டிட்டியா?

கிட்டே வாருங்கள். சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

மாலை ஆறு மணி. பொகோட்டாவிலிருந்து மலை தாண்டி நம் வில்லாவிசென்சியோவுக்கு வரும் வான்வழி. அதில் ஒரே ஒரு சிறு விமானம்... ஓட்டியவர் எவெலியோ. நம் விமான நிலைய ரேடார் திரையில் அதைப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய அண்ணன் அன்செல்மோ. அன்செல்மோ என் தோழி யமீலின் பெரியப்பா, எவெலியோ அவள் அப்பா. யமீலின் அக்கா கல்யாணத்துக்காக விமானம் நிறைய லில்லிப் பூ.

திடீரென்று புள்ளியின் பக்கத்தில் இருந்த எண், விமானம் தானே அனுப்பும் எண், மாறியது. 7600.

7700 என்றால் உயிராபத்து. மீட்புக்குழு உடனே மலைக்கு ஓடும். 7600 என்றால் ரேடியோ பழுது, அவ்வளவுதான். அன்செல்மோவுக்குப் போன உயிர் வந்தது.

“டேய், நான் பேசறது கேக்குதா? கேட்டா எண் பெட்டில இருக்கற பொத்தானை அமுக்கு, இங்க புள்ளி பளிச்சுன்னு தெரியும்.”

புள்ளி பளிச்சென்று பெரிதானது. ஆமாம்.

“ரேடியோவை சரிபண்ணாதீங்கண்ணே,” என்றாள் பக்கத்து இருக்கை நீடியா. “கல்யாணத்துலயாவது அந்த வாய் சும்மா இருக்கட்டும்.”

அன்செல்மோ சிரித்தார்.

“பெட்ரோல் இருக்காடா?”

பளிச்.

“மலையைத் தாண்டிட்டியா?”

புள்ளி அப்படியே இருந்தது.

“சோம்பேறி. அமுக்க மறந்துட்டான்.” மறுபடி கேட்கவில்லை. புள்ளிதான் ஓடுபாதையை நோக்கி நகர்கிறதே... தீயணைப்பு வண்டியை அங்கே நிறுத்தச் சொன்னார்.

“இறங்குடா.”

பளிச். புள்ளி ஓடுபாதையைத் தொட்டது.

ஜன்னலுக்கு வெளியே வெறும் ஓடுபாதை. இன்ஜின் சத்தம் இல்லை. தவளைகள் மட்டும்... அறைக்குள் ஈர லில்லி வாசனை.

மறுநாள் விமானத்தை மலைச்சரிவில் கண்டுபிடித்தார்கள். அதன் கடிகாரம் ஐந்தரையில் நின்றிருந்தது. எவெலியோவுக்கு இருட்டும்வரை மூச்சு இருந்திருக்கும் என்றார் மருத்துவர். மீட்புக்குழு கொஞ்சம் முன்னால் போயிருந்தால்...

எண் அனுப்பும் பெட்டியைக் கழற்றி அன்செல்மோவின் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். கம்பிகள் அறுந்து தொங்கின. எல்லோரும் போன பிறகு அவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“மலையைத் தாண்டிட்டியாடா?”

ஒன்றுமில்லை.

வெகுநேரம் கழித்து...

“இன்னும் அங்கேயேதான் இருக்கியா?”

பெட்டியின் முகப்பில் இருந்த சின்ன மஞ்சள் விளக்கு, பளிச்.