கீசருக்கு வைத்த பொட்டு

"கீசருக்குப் பொட்டு வெச்சதுதாம்மா வினையாப் போச்சு" என்று முன் சீட்டு அம்மா சொன்னதும், தொம்மலூர் பஸ்ஸில் எனக்கு வந்த தூக்கம் ஓடிப்போனது. அவர் பக்கத்தில் இருந்தவள் வேர்க்கடலை உரிப்பதையே நிறுத்திவிட்டாள்.

"கீசருக்கு எதுக்குக்கா பொட்டு?"

"தீபாவளிக்கு முந்தின நாள் பாய்லரைத் தேய்ச்சு, பொட்டு வெச்சு, தண்ணி ரொப்புவோமில்ல? பொண்ணுக்குத் தலை தீபாவளின்னு விறகு பாய்லரை எடுத்துட்டு கீசர் மாட்டினோம். எங்க மாமியார் விடுவாங்களா? ஸ்டூல் மேல ஏறி குங்குமம் வெச்சுட்டாங்க. சரியா அந்தக் குட்டி லைட்டு மேல!"

"ஐயோ!"

"சிவப்பு லைட்டு எரிஞ்சா தண்ணி காயுதுன்னு கடைக்காரர் சொல்லியிருந்தாரு. விடிகாலையில ஆளாளுக்கு எட்டிப் பாத்தோம். சிவப்பாத்தான் இருந்துச்சு. யாருமே சுவிட்ச் போடலை."

"மாப்பிள்ளை?"

"தலை நிறைய எண்ணெயோட முதல் சொம்பு ஊத்திக்கிட்டு அவரு போட்ட சத்தத்துல, தெருவுல பட்டாசு வெடிச்சவங்களே நிறுத்திட்டாங்க."

"உங்க மாமியார் என்ன சொன்னாங்க?"

"புகை வரலியே, நான் அப்பவே நெனச்சேன்னாங்க."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இறங்க வேண்டிய ஸ்டாப் எப்போதோ போய்விட்டது.

"பொங்கலுக்கு மாப்பிள்ளை வருவாரா?"

"வருவாராம். குளிச்சுட்டு வருவாராம்."