உச்சியிலிருந்தே இறங்குவோம்

எத்தனை கூச்சல் எழுந்தாலும் எழுந்து போகாமல் இந்த அவையை ஆண்டுதோறும் நடத்தித் தரும், லாவிபாக் பனிச்சறுக்குச் சங்கத்தின் தலைவரும் இந்த விடுதியின் உரிமையாளருமான மதிப்பிற்குரிய நிக்லவுஸ் வீஸ் அவர்களே! ஞாயிறுதோறும் எங்களுக்கு விண்ணுலகின் வழியைக் காட்டி, கால்சட்டை அணிந்த பெண்ணுக்கு அந்த வழி அடைபட்டுவிடுமோ என்று வாரம் முழுவதும் கவலைப்படும் போதகர் ஐயா அவர்களே! எங்கள் எலும்புகளின் மேல் எங்களைவிட அதிக அக்கறை கொண்ட மருத்துவர் ஐயா அவர்களே! முன்வரிசையில் புகைக்குழாயும் கையுமாக வீற்றிருக்கும் மூத்தோர்களே! நாளை காலை உச்சியிலிருந்து பாயப்போகும் இளங்காளைகளே! மாடுகளைக் கறந்து முடித்து, கை ஈரம் காய்வதற்குள் ஓடிவந்து, உட்கார இடமின்றிப் பின்சுவரோரம் நிற்கின்ற என் தாய்மார்களே, தங்கைகளே! உங்கள் அனைவரையும் ஒட்டீலி பிராவண்ட் ஆகிய நான் தலை வணங்கி, ஆனால் குரல் தாழ்த்தாமல், வணங்குகிறேன்!

இந்த மேடையில் நின்று பேச வேண்டியவள் நான் அல்ல. அதோ, கதவருகே கைகட்டி நிற்கிறாளே ரெகுலா, அவள்தான் பேச வேண்டும். கேட்டேன். "மலைன்னா எறங்கிடுவேன் டீச்சர், மேடைன்னா ஏற மாட்டேன். பேச்சு உங்க தொழில், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். ஆகவே, சென்ற ஆண்டு நடந்த பெண்கள் ஓட்டத்தின் வேகமான பெண் அங்கே வாய்மூடி நிற்க, அந்த ஓட்டத்தின் மெதுவான பெண் இங்கே வாய்திறந்து நிற்கிறேன். சிரியுங்கள், சிரியுங்கள். சிரிப்பு முடிந்ததும் வாக்கெடுப்பு இருக்கிறது.

எதற்கு வாக்கெடுப்பு? சென்ற குளிர்காலத்தில் இதே மண்டபத்தில் இந்தச் சங்கம் எங்களுக்கு ஒரு வாக்குத் தந்தது. பெண்கள் அறுவர் மலையின் பாதியிலுள்ள நடு மேய்ச்சலிலிருந்து இறங்கிக் காட்டட்டும்; அறுவரும் அடிவாரத்து முடிவுக் கோட்டின் கொடிக் கம்பங்களைத் தாண்டி வந்துவிட்டால், அடுத்த ஆண்டு ஆண்களைப் போலவே புர்க்ஹோர்ன் உச்சியிலிருந்து புறப்படலாம்; ஒருத்தி வராவிட்டாலும் பெண்கள் ஓட்டம் என்ற பேச்சே இனி இல்லை! சொன்னீர்களா இல்லையா? அந்த அடுத்த ஆண்டு நாளை விடிகிறது. இன்றைக்கோ, வாக்கைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்று கை தூக்கிப் பார்க்கப் போகிறீர்களாம்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சங்கத்தின் விதிப்படி பெண்களுக்குக் கை உண்டு. தூக்கும் உரிமை கிடையாது. எனவே, ஆண்மக்களே, உங்கள் கைகளை நம்பித்தான் பேசுகிறேன்.

மருத்துவர் ஐயா காலையில் சொன்னார், உச்சிச் சரிவு பெண்ணுடம்புக்கு ஆகாது என்று. ஐயா, நேற்று நீங்கள் உச்சிப் பக்கம் பார்த்தீர்களா? அந்தச் சரிவு முழுவதையும் சறுக்குப் பலகையைப் பக்கவாட்டில் வைத்து, அடிமேல் அடி வைத்து, பூம்பனியைக் கெட்டியாக்கி, ஆண்கள் ஓடப் பாதை போட்டவர்கள் யார்? அடிவாரத்தில் தொடங்கி உச்சி வரைக்கும் மிதித்தே ஏறியவர்கள் யார்? பெண்கள்! ஆண்டாண்டாய் மிதிப்பவர்கள் யார்? பெண்கள்! மிதித்து ஏறினால் மேனிக்கு நல்லது, சறுக்கி இறங்கினால் மேனிக்குக் கேடா? ஏறும்போது இரும்பாய் இருக்கும் இடுப்பு, இறங்கும்போது மட்டும் கண்ணாடியாகிவிடுமா? பாதை போடும் கால்களுக்குப் பாதையில் போக உரிமை இல்லையா?

என்ன கஸ்பர் அண்ணே, ஏதோ சொல்கிறீர்களே? உரக்கச் சொல்லுங்கள், பின்சுவருக்கும் கேட்கட்டும்.

"போன வருஷம் நீங்க ஓடுனது ஓட்டமா டீச்சரம்மா? கைகோத்துக்கிட்டு ஊர்வலமால்ல வந்தீங்க! ஜெயிச்சது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலையே!"

நன்றி அண்ணே! நம் ஊரின் ரொட்டிக்கடைக்காரர் எதையும் சூடாகவே எடுத்து வைப்பார். இந்தக் கேள்வியை மூடி மறைக்கத்தான் நம் செயற்குழு 'உடல்நலம்' என்ற போர்வையைப் போர்த்தியிருந்தது. அண்ணன் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார். ஆம், அதுதான் உண்மையான குற்றச்சாட்டு. வென்றவள் இல்லாத ஓட்டம் ஓட்டமே அல்ல. ஆகவே நிபந்தனை நிறைவேறவில்லை. ஆகவே உச்சி கிடையாது! சரி. அன்று நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பொய் சொன்னால் இதோ பார்த்தவர்கள் பாதிப் பேர் இருக்கிறீர்கள், நிறுத்துங்கள்.

பலகைகளின் அடியில் பின்னால் வழுக்காமலிருக்க ஏறுதோல் கட்டிக்கொண்டு அறுவரும் நடு மேய்ச்சலுக்கு ஏறினோம். கொடி விழுந்ததும் ஒரே நேரத்தில், ஒரே கூட்டமாகப் புறப்பட்டோம். புறப்பட்டது மட்டும்தான் ஒன்றாக! முதல் மேட்டைத் தாண்டுவதற்குள் ரெகுலாவின் முதுகு எனக்குப் புள்ளியாகிவிட்டது. மற்ற நால்வரும் அவளைத் துரத்தினார்கள். நான் நால்வரையும் துரத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லாதே என்று கற்பிப்பவள், சொல்ல முடியவில்லை.

காட்டு விளிம்பின் திருப்பத்தில் என் வலது காலைப் பலகையோடு பிணைத்த தோல்வார் அறுந்தது. நான் ஒரு பக்கம், கோல் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். பலகை மட்டும் நிற்கவில்லை! என்னை உதறிவிட்ட மகிழ்ச்சியில் சரிவில் தனியாகப் பாய்ந்தது. அன்று என்னிடமிருந்து வெளிப்பட்ட ஒரே வேகம் அதுதான்.

அதன்பின் நடந்ததை நான் பார்க்கவில்லை; கீழே நின்ற நீங்கள் பார்த்தீர்கள். ரெகுலா காட்டைவிட்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் கண்ணில்படவில்லை. ஊரே ஆர்ப்பரித்தது. கொடிக் கம்பங்கள் கைக்கெட்டும் தூரம். அப்போது அவளை உரசிக்கொண்டு ஆளில்லாத ஒரு பலகை ஓடிவந்து, கம்பத்துக்கு முன்னாலிருந்த பனிக்குவியலில் குத்திக்கொண்டு நின்றது. ரெகுலா என்ன செய்தாள்? பனி தெறிக்கப் பலகைகளைத் திருப்பினாள். நின்றாள். முடிவுக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றாள்!

"தாண்டுடி! ஒரு எட்டு வெச்சா ஜெயிச்ச!" என்று கத்தியது யார்? கஸ்பர் அண்ணே, நீங்கள்தான்! அவள் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துச் சொன்னாள்:

"பலகை வந்துருச்சு. ஆளக் காணோம்."

ஏன் நின்றாள்? நம் ஊரில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மேல்மலைக் கொட்டகைகளில் சேர்த்து வைத்த காய்ந்த புல்லைக் குளிர்காலத்தில் சறுக்குவண்டிகளில் ஏற்றி வரிசையாக இறக்குகிறோம். முதல் வண்டி களஞ்சிய வாசலுக்கு வந்தாலும் உள்ளே நுழையாது. கடைசி வண்டி கண்ணில் படும்வரை வாசலில் நிற்கும். ஏனென்றால் உள்ளே போய்க் கயிற்றை அவிழ்த்தவன் மறுபடி மலையேற மாட்டான். ரெகுலா தன் பன்னிரண்டாம் வயதிலிருந்து முதல் வண்டி இழுப்பவள். கோட்டைப் பார்த்ததும் அவள் கால் பழகியபடி நின்றது.

ஆனால் நின்றபிறகு அவள் புத்தியும் வேலை செய்தது. செயற்குழு போட்ட விதியை அவள் மறக்கவில்லை. வெளியாள் யாரும் சரிவில் கால் வைக்கக் கூடாது. கோட்டைத் தாண்டியவளும் திரும்பிப் போகக் கூடாது. புர்க்ஹோர்னின் நிழல் கம்பத்தைத் தொட்டால் ஓட்டம் முடிந்தது. அப்போது மேலே இருப்பவள் வராதவள். கோட்டைத் தாண்டியிருந்தால் ரெகுலாவுக்கு வெற்றி. எங்களுக்கெல்லாம் என்றென்றைக்கும் தோல்வி! அவள் என் பலகையைப் பிடுங்கித் தோளில் போட்டாள். வந்த வழியே ஏறத் தொடங்கினாள். அடுத்து வந்த நால்வரும் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. அவர்களும் வண்டி இழுத்தவர்கள்தானே!

நான் காட்டோரம் பனியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வலித்து அழவில்லை. என் ஒருத்தியால் இந்த ஊர்ப் பெண்களுக்கு இனி ஓட்டமே இல்லை என்று அழுதேன். கீழிருந்து ஏறி வருகிறவளைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"எதுக்குடி வந்த? போ! போய் ஜெயிச்சிட்டு வா!"

"ஜெயிச்சிட்டு வந்தா உங்க பக்கம் வர விட மாட்டாங்க டீச்சர். அழுவுறத அப்புறம் வெச்சுக்கலாம், காலை நீட்டுங்க."

"வார் அறுந்துருச்சுடி…"

"எங்கிட்டக் கயிறு இருக்கு. வண்டி இழுக்கறவ இடுப்புல கயிறு இல்லாம மலைக்கு வருவாளா?"

புல்கட்டும் கயிற்றால் என் காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டினாள். கட்டினாளா, முறுக்கினாளா என்று என் கணுக்காலைக் கேளுங்கள். "விழுந்தாலும் கீழ பாத்து விழுங்க டீச்சர், நேரம் மிச்சம்" என்றாள். விழுந்தேன், அவள் சொன்னபடி கீழே பார்த்தே விழுந்தேன். அதோ நிழல் வருகிறது. ஆற்றைத் தாண்டிவிட்டது. வேலியைத் தாண்டிவிட்டது. கோட்டருகே நின்ற நால்வரும் கை நீட்டினார்கள். அறுவரும் ஒரே வரிசையில் கொடியைத் தாண்டினோம். நிழல் எங்களுக்குப் பின்னால் வந்து கம்பத்தில் முட்டிக்கொண்டது!

இதைத்தான் ஊர்வலம் என்கிறீர்கள்.

கஸ்பர் அண்ணே, போன ஆண்டு ஆண்கள் ஓட்டத்தில் காட்டுக்குள் மரத்தில் மோதி விழுந்து கிடந்தவர் யார்?

"அதெதுக்கு இப்ப டீச்சர்…"

ஜெயித்தவர்கள் விடுதியில் சூடான பாலாடைக்கட்டிக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, உங்களைச் சறுக்குவண்டியில் போட்டு இழுத்து வந்தவர்கள் யார்?

"நீங்கதான்… பொம்பளைங்கதான். சரி விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

விட்டுவிட்டேன்! அண்ணன் நல்லவர். அன்று இழுத்து வந்தவர்களுக்கெல்லாம் ரொட்டி அனுப்பியவர்.

ஆனால் பெரியோர்களே, இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்கி, "ஆகா, பெண்கள் இரக்கமுள்ளவர்கள், அவர்களுக்குப் போட்டி எதற்கு?" என்று யாராவது சொல்லிவிடாதீர்கள்! அந்தப் பாராட்டு எங்களுக்கு வேண்டாம். அதை அவமானமாகவே எடுத்துக்கொள்வோம். நாங்கள் நின்றது ஓடத் தெரியாததால் அல்ல. விழுந்தவளைத் தூக்கச் சரிவில் ஓர் ஆளைக்கூட நிறுத்தாமல் விதி எழுதினீர்கள். அந்த ஓட்டையை ரெகுலா தன் வெற்றியைக் கொடுத்து அடைத்தாள். நாளைக்குக் காட்டோரம் வண்டியும் கயிறுமாக இரண்டு பேரை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுப் பாருங்கள், ரெகுலா நிற்கிறாளா என்று! நான் விழுந்தால் என் தொப்பியின் மேலேயே ஏறிப் போவாள். போக வேண்டும்! அவள் வெல்ல ஆசைப்படுகிறாள். நானும் ஆசைப்படுகிறேன். இந்த வயதில் இந்த வேகத்தில் எனக்கு ஏன் அந்த ஆசை என்று கேட்கலாம். ஆசைக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டுமா ஐயா?

மலைக்கு அப்பாலுள்ள ஊர்களில், விடுதிக்கு வரும் ஆங்கிலேயப் பெண்கள் தங்களுக்கென்று சங்கமே அமைத்துப் பாய்கிறார்கள். உலகப் போட்டியிலேயே பெண்களுக்கு இடம் வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். விருந்தாளிப் பெண்கள் நம் மலையில் பறக்கலாம். மலையிலேயே பிறந்தவள் அவர்களுக்குப் படுக்கை விரித்துவிட்டு, சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பதா? எங்கள் பனி! எங்கள் மலை! எங்கள் கால்! இடையில் உங்கள் கை மட்டும் குறுக்கே நிற்கிறது!

தலைவர் ஐயா மணியைத் தொடுகிறார், முடிக்கிறேன். வாக்கெடுப்புக்கு முன் ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கதவருகே நிற்கும் ரெகுலாவும், பின்சுவரோரம் நிற்கும் மற்ற நால்வரும், நானும், நாளை காலை பால் கறந்த கையோடு புர்க்ஹோர்னுக்கு ஏறுகிறோம். கை உயர்ந்தாலும் ஏறுவோம், உயராவிட்டாலும் ஏறுவோம். நாங்களே மிதித்த பாதை அது, எங்களுக்கு வழி தெரியும். உச்சியிலிருந்தே புறப்படுவோம். உச்சியிலிருந்தே இறங்குவோம். பெண்கள் இறங்கலாமா என்பதற்கு அல்ல இந்த வாக்கெடுப்பு, அது முடிவாகிவிட்டது! நாங்கள் இறங்கி வரும்போது கொடிக் கம்பத்தடியில் நீங்கள் கடிகாரத்தோடு நிற்கப் போகிறீர்களா, கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நிற்கப் போகிறீர்களா என்பதற்கே இந்த வாக்கெடுப்பு!

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட செவிகளுக்கு நன்றி. இனி உயரப்போகும் கைகளுக்கு முன்கூட்டியே நன்றி. உயராத கைகளுக்கும் கோபமில்லை. காலையில் குளிரும், கையுறை போட்டு வாருங்கள். அனைவருக்கும் என் வணக்கம்!