வடக்கு மதிலில் ஒரு கட்டம்

சம்யுக்தா: இது இல்ல தினேஷ். இது யாளி. நான் கேக்கறது நாம புளியங்கொட்டைய வெச்சு போர் ஆட்டம் ஆடின கட்டத் தாளு.

தினேஷ்: அப்பா வரைஞ்ச பழைய டிசைன் தாளு எல்லாமே இந்தப் பொட்டியிலதான் இருக்குது. பன்னண்டு வருஷம் ஆவுதுமா. எலி தின்னுட்டிருக்கும்.

சங்கரி: பொய் சொல்றான்க்கா. போன வாரம் கூட எடுத்து வெச்சுப் பாத்துக்கினு இருந்தான்.

தினேஷ்: சங்கரி, நீ தறியப் பாரு. இழை அறுந்துடப் போவுது.

சங்கரி: என் இழை ஒண்ணும் அறுவலண்ணா. கை பாட்டுக்கு தறி நாடாவ இந்தாண்ட அந்தாண்ட ஓட்டிக்கினு இருக்குது. காது சும்மாதான இருக்குது.

சம்யுக்தா: இங்க பாரு, நாளைக்கு எனக்கு இங்க காலேஜ் வேலைக்கு டெமோ கிளாஸ். இருபது நிமிஷம். பெரிய வல்லரசு மேல படையெடுத்துப் போனவங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு தலைப்பு. அதைத்தான் நாம அந்தத் தாளுங்க பின்னாடி ரூல் ரூலா எழுதி வெச்சோம்.

தினேஷ்: புனேல சரித்திரம் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்க. ப்ளஸ் டூ படிக்கச்ச கிறுக்கினது வேணுமா உனக்கு?

சம்யுக்தா: வேணும்.

தினேஷ்: இந்த வேலை கெடச்சா...?

சம்யுக்தா: இங்கயே இருந்துடுவேன். எங்க ஊரு முசரவாக்கத்துலயிருந்து தெனம் பஸ்சு.

தினேஷ்: கெடைக்கலன்னா?

சம்யுக்தா: ஞாயித்துக்கெழம ரயிலு. இந்தத் தடவ அம்மாவையும் கூட்டிக்கினு போயிடுவேன். வீட்டப் பூட்டிட வேண்டியதுதான்.

சங்கரி: அண்ணா, பொட்டி அந்தாண்ட இருக்குது. ஜன்னல்ல என்ன தேடற?

தினேஷ்: இந்தா... இதான். பாத்துப் புடி, மடிப்புல கிழியுது.

சம்யுக்தா: அய்யோ, புளியங்கொட்டை இன்னும் ஒட்டிக்கினு இருக்குது பாரு.

தினேஷ்: அது என் யானைப்படை. மரியாதையா பேசு.

சம்யுக்தா: உன் யானைப்படையில ஒண்ணு சொத்தை. சரி, படிக்கறேன். ரூல் ஒண்ணு... 'தலைநகரத்தப் பிடித்தவன் ஜெயித்தவன் அல்ல.' பக்கத்துல நெப்போலியன் தொப்பி வரைஞ்சிருக்க.

தினேஷ்: மாஸ்கோவுக்குள்ள போயிட்டான். ஊரு எரிஞ்சுக்கினு இருக்குது, ஜனமே இல்ல. ஜார் மன்னன் சமாதானம்னு ஒரு கடுதாசி போடுவான், போடுவான்னு அஞ்சு வாரம் அங்கயே உக்காந்துட்டான்.

சம்யுக்தா: கடுதாசி வரல. குளிருதான் வந்துது.

தினேஷ்: ஆறு லட்சம் பேரோட போனான். திரும்பினவங்கள எண்ணிடலாம்.

சங்கரி: அந்த ஜெர்மன்காரனும் அதே மாதிரிதானக்கா? கம்பளி இல்லாம போனானே.

சம்யுக்தா: ஆமா, நூத்தி முப்பது வருஷம் கழிச்சு. குளிருக்கு முன்ன முடிச்சிடலாம், கோட்டு எதுக்குன்னு போனாங்க. அது ரூல் மூணு.

சங்கரி: அதுக்குத்தான் எங்கம்மா கம்பளிய எடுத்து உங்க புளியங்கொட்டைக்குப் போத்தி வுட்டீங்க. அடி வாங்கினது நானு.

தினேஷ்: நீ ஏன் வாங்கின தெரியுமா? படைக்கு வெச்சிருந்த பொட்டுக்கடலையத் தின்ன. நடுவரா இருடின்னா, ரேஷன் பூரா உன் வயித்துல.

சங்கரி: எட்டு வயசுப் புள்ளைய நடுவரா வெச்சா அப்படித்தான்.

சம்யுக்தா: இரு, நடுவுல ஒண்ணு வுட்டுட்டேன். ரூல் ரெண்டு... 'சோறு கிடைக்காத ஊர் மேல் படையெடுக்காதே.' இது உன் கையெழுத்து.

தினேஷ்: அது பெரிய ரூலு. கத்தி அப்புறம், சோறு முன்னாடி. ஆனா அதுல உன்ன அடிச்சுக்க ஆளில்ல. வாரா வாரம் சனிக்கெழம டியூஷன் முடிச்சு, உங்க நெலத்து வேர்க்கடலையில உருண்டை புடிச்சுக்கினு இங்க வந்துடுவ. படைக்கு சப்ளைன்னு. ரெண்டு வருஷம் முற்றுகை போட்டு, சப்ளை அறுந்து போவாத ஒரே படை உலகத்துலயே உன்னோடதுதான்.

சங்கரி: அந்த உருண்டையும் நான்தான் தின்னேன்.

சம்யுக்தா: தெரியும்மா. அடுத்தது நம்ம ஊரு. புலிகேசி.

தினேஷ்: காஞ்சி மேல வந்தான். பல்லவன் மதிலுக்குள்ள பூந்துக்கினான்னு அவன் ஆளுங்க பாட்டு எழுதிக் கல்லுல வெட்டிக்கினாங்க. புள்ளலூர்ல எதிரிங்கள ஒழிச்சோம்னு பல்லவருங்க செப்பேட்டுல எழுதிக்கினாங்க. ரெண்டு பேருமே ஜெயிச்சாங்க. நல்ல சண்டை.

சம்யுக்தா: அப்புறம் பல்லவன் புள்ள நரசிம்மன், புலிகேசி தலைநகரு வாதாபிக்கே போயிட்டான். ரூல் நாலு, என் கையெழுத்து. 'நீ படையெடுத்துப் போகும் வழிதான் எதிரி உன் வீட்டுக்கு வரும் வழி.' இத நாளைக்கு சொல்லணும். சத்தமா சொல்லணும், அந்த ரூம்ல ஃபேன் சத்தம் காதைப் பொளக்குது.

தினேஷ்: நாளைக்குத்தான போற? ஃபேன் சத்தம் எப்படித் தெரியும்?

சம்யுக்தா: ...சொன்னாங்க. ரூல் அஞ்சு. இதுவும் புள்ளலூர்தான், ஆயிரத்து எழுநூத்தி எண்பது.

தினேஷ்: அது வேணாம், வுடு.

சம்யுக்தா: ஏன் வேணாம்? நல்ல பாடம். ஹைதர் அலிகிட்ட அம்மாம் பெரிய படை. வெள்ளக்காரன் தன் படைய ரெண்டாப் பிரிச்சு வெச்சிருந்தான். ஒரு தளபதி பெய்லி, புள்ளலூர்ல மாட்டிக்கினான். இன்னொருத்தன் மன்றோ, இங்க காஞ்சிபுரத்துல மூட்டை முடிச்சக் கோயில்ல வெச்சுக்கினு காவல் காத்துக்கினு இருந்தான். நடுவுல பத்து மைலு கூட இருக்காது.

தினேஷ்: மன்றோ கெளம்பினான்ல...

சம்யுக்தா: எப்போ? எல்லாம் முடிஞ்சப்புறம். பெரிய பீரங்கியெல்லாம் குளத்துல தள்ளிட்டு செங்கல்பட்டு பக்கம் நடையக் கட்டிட்டான். கீழ பச்சை மையில நான் எழுதினத பாத்தியா? 'பத்து மைலில் இருப்பவன் வருவான் என்று நம்பாதே.'

தினேஷ்: பாத்திருக்கேன். எப்போ எழுதின? ஆட்டத்துல இது இல்லியே.

சம்யுக்தா: புனே கெளம்பற அன்னிக்கு. காலையில வந்து சங்கரிகிட்ட தாளைக் குடுத்துட்டுப் போனேன். முந்தின நாள் சாயந்திரம் உன்ன வீட்டுக்கு வான்னு கூப்பிட்டிருந்தேன். ஞாபகம் இருக்குதா?

தினேஷ்: இருக்குது.

சம்யுக்தா: முசரவாக்கம் என்ன மாஸ்கோவா?

சங்கரி: சொல்லுண்ணா. இப்பவாவது சொல்லு.

சம்யுக்தா: என்ன சொல்லணும்?

தினேஷ்: வந்தேன்.

சம்யுக்தா: எங்க வந்த?

தினேஷ்: உங்க ஊருக்குத்தான். நீ வாரா வாரம் வந்த வழியிலேயே சைக்கிள்ல வந்தேன். அப்பாவுக்கு அன்னிக்கே ஒரு சேலை முந்தி டிசைன் முடிச்சுக் குடுக்க வேண்டியிருந்துது. கட்டம் கட்டமா வர்ணம் வெச்சு முடிக்கறதுக்குள்ள நேரமாயிட்டுது. ஏரிக்கரையாண்ட வரச்சயே பொழுது சாஞ்சிட்டுது.

சம்யுக்தா: சாஞ்சா?

தினேஷ்: நீங்க சமணருங்க, உங்க ஊட்ல பொழுது சாஞ்சா யாரும் சாப்பிட மாட்டீங்க. அடுப்பும் அணைஞ்சிருக்கும். நான் வந்து நின்னா உங்கம்மா என்ன பண்ணுவாங்க? வந்த மனுசன வெறும் வயித்தோட அனுப்பிட்டோமேன்னு வருத்தப்படுவாங்க. பொண்ணு ஊரை வுட்டுப் போற நேரத்துல அந்தச் சங்கடம் எதுக்குன்னு... ஏரிக்கரையிலயே கொஞ்ச நேரம் நின்னுட்டு, சைக்கிளத் திருப்பிட்டேன்.

சம்யுக்தா: தினேஷ், சாப்பிடக் கூடாதுன்றது எங்களுக்குடா. உனக்கு இல்ல. எங்கம்மா உன் பங்கு பொங்கல தனியா மூடி வெச்சிருந்தாங்க. விடியற வரைக்கும் அந்தத் தட்டு அங்கதான் இருந்துது.

சங்கரி: சோறு இல்லாத ஊருன்னு ரூலு போட்டுக்கினு, சோறு இருந்த ஊர்லயிருந்து ஓடி வந்திருக்கான்.

தினேஷ்: எனக்கு எப்படித் தெரியும்?

சம்யுக்தா: கேட்டிருக்கலாம். ஃபோனாவது பண்ணியிருக்கலாம்.

தினேஷ்: நீ பண்ணுவேன்னு இருந்தேன்.

சம்யுக்தா: நானும் அப்படித்தான். நெப்போலியனாவது அஞ்சு வாரத்துல எழுந்து போனான்.

சங்கரி: இவனுக்கு பொண்ணு பாக்கப் போறப்போ கூட இதே கதைதான்க்கா. எல்லாப் பொண்ணுகிட்டயும் ஏதோ ஒரு கட்டம் கொறையுதுன்னு திரும்பி வந்துடுவான்.

தினேஷ்: சங்கரி...

சங்கரி: கடைசித் தாள எடுக்கவே இல்லியே. உன் பின்னாடி மடிச்சு வெச்சிருக்கற பாரு, அது.

சம்யுக்தா: குடு.

தினேஷ்: அதுல ரூலு எதுவும் இல்ல. வெறும் கோட்டைதான். உன் கிளாசுக்கு ஒதவாது.

சம்யுக்தா: குடு தினேஷ். ம்... உன் கோட்டை. செவப்பு மையில மதிலு, நாலு பக்கமும். என் படை வெளிய, பச்சைப் புள்ளி. வடக்கு மதில்ல, எடமிருந்து ஒம்பதாவது கட்டம்... காலி.

தினேஷ்: அது வுட்டுப்போச்சு. கை தவறி.

சம்யுக்தா: உங்க வீட்ல கை தவறுமா? ஒரு கட்டம் வுட்டா முந்தியில அன்னத்துக்குக் கண்ணு இல்லாம போயிடும்னு உங்கப்பா தாளையே கிழிச்சுப் போடுவாரு. ஏழு வயசுல இருந்து கட்டம் எண்ணி வளந்தவன் நீ.

தினேஷ்: சரி, வேணும்னுதான் வுட்டேன். தொறந்து வெச்சா நீ உள்ள வருவேன்னு. ஜெயிச்சுட்டுப் போன்னு. ரெண்டு வருஷம் நீ பாக்கவே இல்ல.

சம்யுக்தா: மொத வாரமே பாத்துட்டேன்.

தினேஷ்: என்னது?

சம்யுக்தா: மொத சனிக்கெழமயே பாத்தேன். இவகிட்ட கூட கேட்டேன், நடுவரே, இது வழியான்னு.

சங்கரி: ஆமா. சொல்லாதன்னு எனக்கு ரெண்டு உருண்டை குடுத்தாங்க.

தினேஷ்: அப்புறம் எதுக்கு ரெண்டு வருஷம் வெளியவே உக்காந்துக்கினு இருந்த? ஒரு நகத்துல புளியங்கொட்டையத் தள்ளியிருந்தா முடிஞ்சிருக்குமே.

சம்யுக்தா: அதான். முடிஞ்சிருக்கும். அப்புறம் சனிக்கெழம சனிக்கெழம எதச் சொல்லிக்கினு வர்றது?

சங்கரி: மணி அஞ்சு ஆவுது. நான் தறியிலருந்து எறங்கறேன். அக்கா, வெங்காயம் போடாம உப்புமா கிளறி வெச்சிருக்குது. காத்தாலயே அண்ணன் சொல்லிட்டான், பொழுது சாயறதுக்குள்ள ஆவணும்னு.

சம்யுக்தா: நீயா சொன்ன?

தினேஷ்: ஒரு தடவ தோத்தா ரூலு மனசுல நிக்கும்ல... சரி, தாளெல்லாம் எடுத்துக்கினு போ. நாளைக்கு கிளாஸ்ல காட்டு. கடைசித் தாளும் எடுத்துக்கோ. நல்லா பேசு சம்யு. அந்த வேலை கெடைக்கணும்.

சம்யுக்தா: தாளு வேணாம். இங்கயே இருக்கட்டும்.

தினேஷ்: ஏன்? இதுக்குத்தான வந்த?

சம்யுக்தா: கிளாஸ் நேத்தே முடிஞ்சுது தினேஷ். வேலை ஆர்டரு பையில இருக்குது, திங்கக்கெழம சேரணும். இன்னிக்கு வந்தது... அந்தக் கட்டத்துல யாராவது செவப்பு வெச்சுட்டாங்களான்னு பாக்கத்தான். சங்கரி, எனக்கும் எல போடுமா. பொழுது இன்னும் சாயல.